மாணாக்கர் என்னும் சொல்: குறண்டிப் பள்ளி முதல் நாகமலை அடிவாரம் வரை

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடைந்து, அங்கிருந்து கிளைவழியில் சிறிது தொலைவு சென்றால் கீழக்குயில்குடி என்னும் ஊர் வரும். ஊரை அடுத்து நிற்பது சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆல நிழலும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளத்தை அடைவோர், சுனையருகே வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருமேனிகளைக் காண்பர். வணங்கித் திரும்புவோர் பலர். திருமேனிகளின் அடியில் வெட்டப்பட்டுள்ள வட்டெழுத்து வரிகளை நின்று நோக்குவோர் சிலரே.

அந்த வரிகளில் அரசர் புகழ் இல்லை. போர்ச் செய்தியும் இல்லை. பெரும்பாலும் அவை கூறுவது ஒன்றே: இத்திருமேனியைச் செய்வித்தவர் யார், அவர் யாருடைய மாணாக்கர் என்பதே. இம்மலையின் கல்வெட்டு ஒன்று, குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர் என்றும், அக்குணசேனதேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்றும், அவர் அமிர்தபராக்கிரமநல்லூர் ஆன குயிற்குடி ஊரார் பெயரால் திருமேனியைச் செய்வித்தார் என்றும், பள்ளிச் சிவிகையார் இதற்குக் காவல் என்றும் பதிந்து வைத்துள்ளது. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளுக்குரிய இச்செய்தியில் குறிக்கப்படும் குயிற்குடியே இன்றைய கீழக்குயில்குடி. ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஊரின் பெயர் மாறவில்லை.

குறண்டி இம்மலைக்கு அருகிலுள்ள ஊரன்று. அது தெற்கே, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் திருக்காட்டாம்பள்ளி என்னும் புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்த இடம். ஆகவே குயிற்குடி ஊராருக்குக் கனகவீரர் வேற்றூர்ப் பள்ளியின் மரபினர். அவரை ஊரார் ஏற்றனர். தம் பெயரையே அவருக்கு அளித்தனர். இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர விழையும்போது நான்கு வினாக்கள் எழுகின்றன. அவர் யாரிடம் பயிலப் போகிறார்? இதற்கு முன் எங்கே பயின்றார்? அவரைப் பேணுவோர் யார்? அவருக்குக் காவல் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் அக்கல்வெட்டு முன்னரே விடை எழுதி வைத்துள்ளது. புறத்திலிருந்து வரும் மாணாக்கரை மதுரை எவ்வாறு ஏற்றது, இனி எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குகைகளுக்கு வந்த புறத்தார்

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் தொடக்கம் முதலே புறத்தாருக்குத் திறந்திருந்தவை. மேலூர்ப் பக்கம் மாங்குளத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி கற்படுக்கை அமைத்ததைக் கூறுகின்றன. அதே குன்றில் வெள்ளறை வணிகக் குழுவினரும் கொடையாளர்களாக நிற்கின்றனர். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர் முதலிய மதுரைக் கடைவீதியாரின் பெயர்கள் வரிசையாக உள்ளன. கற்போர் மலையில் இருக்க, அவர்களைப் பேணும் பொறுப்பை அங்காடி ஏற்றுக்கொண்ட காட்சி இது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு. எருக்காட்டூரில் வாழ்ந்த ஈழத்துக் குடும்பிகன் போலாலையன் என்பவர் அளித்த கொடையை அது குறிக்கிறது. கடல் கடந்த நாட்டிலிருந்து வந்து பாண்டிய நாட்டு ஊரொன்றில் குடியிருந்த ஒருவர், துறவியர்க்குப் படுக்கை செய்து தந்துள்ளார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஈழத்தான் என்ற அடையாளத்தை மறைக்காமல், மதுரையின் அறச்சாலைக்குக் கொடையாளராக ஒருவர் விளங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆசிரியர் வழியாகவும் இப்புறத்தொடர்பு வளர்ந்தது. தேவசேனர் கி.பி. 933இல் இயற்றிய ‘தரிசனசாரம்’, விக்கிரம ஆண்டு 526இல், அதாவது கி.பி. 470ஐ ஒட்டி, தென்மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தை நிறுவினார் என்கிறது. வச்சிரநந்தி, கன்னட நாட்டில் புகழ்பெற்ற இலக்கண ஆசிரியர் பூச்சியபாதரின் மாணாக்கர் எனப்படுகிறார். தேவசேனர் அச்சங்கத்தை மெச்சி எழுதவில்லை. நெறி பிறழ்ந்த பிரிவுகளுள் ஒன்றாகவே எண்ணினார். ஆயினும் அவர் அறியாமலே நமக்கு விட்டுச்சென்ற செய்தி ஒன்று உண்டு. வேற்றுமொழி நாட்டு ஆசிரியர் ஒருவரின் மாணாக்கர், மதுரையில் தமக்கென ஒரு சங்கத்தை நிலைநாட்டும் அளவுக்கு இவ்வூர் இடம் தந்தது என்பதே அது.

ஊர்ப்பெயரும் ஆசிரியர் பெயரும்

கல்வெட்டுகளில் மாணாக்கரை அடையாளம் காட்டும் முறை எங்கும் ஒன்றாகவே உள்ளது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792க்கு, அதாவது கி.பி. 870க்கு உரிய கல்வெட்டு உள்ளது. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட இது, பாண்டியர் காலக் கணிப்புக்கே ஊன்றுகோலாய் அமைந்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்தார் என்கிறது. இங்கும் முதலில் வருவது ஆசிரியர் பெயர். அதன் பின்னரே மாணாக்கர். அதன் பின்னர் உணவுக்கு வழி.

தெற்கே கழுகுமலையில் இம்முறை பெருகி நிற்கிறது. அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட சிறு கல்வெட்டுகளில் குரவரும் மாணாக்கரும் தத்தம் ஊர்ப்பெயருடன் தோன்றுகின்றனர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுள் உள்ளனர்; அவருள் ஒருவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறாலாகிய திருச்சாரணத்தைச் சேர்ந்தவர். பல ஊரார் ஒரு மலையில் கூடிப் பயின்ற இத்தகைய இடத்தில், ஊர்ப்பெயர் ஒருவரை விலக்கி வைக்கும் வேலியாகப் பயன்படவில்லை. இன்னார் இவ்வூரிலிருந்து இங்கு வந்து பயின்றார் என்று பெருமிதத்துடன் சொல்லவே பயன்பட்டது. அச்சணந்தி முனிவரின் பெயர் சமணர் மலை, யானைமலை, உத்தமபாளையம், ஏர்வாடி என்று தொலைதூரக் குன்றுகளிலெல்லாம் காணப்படுவதும் இக்கல்விப் போக்குவரத்தின் பரப்பைக் காட்டும்.

மதுரை மாணாக்கரை ஏற்றதோடு ஆசிரியரை வெளியே அனுப்பியும் வைத்தது. சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர், சீமாறன் சீவல்லபன் காலத்து இளங்கௌதமன். கல்வெட்டு அவரை மதுரை ஆசிரியன் என்றே அழைக்கிறது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றொன்றில் ஒருவருக்குத் தகுதிச் சான்றாக மதுரை என்ற ஊர்ப்பெயரே போதியதாக இருந்தது.

நன்னூல் வகுத்த சேர்க்கை விதி

மாணாக்கரைத் தேர்வது எப்படி என்பதைத் தமிழில் விதியாகவே எழுதி வைத்தவர் பவணந்தி முனிவர். கங்கர் குலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வரிசையாகக் கூறுகிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போன்றோர் கடைமாணாக்கர் என்று அது தரம் பிரிப்பதைப் பள்ளியில் படித்த எவரும் மறவார்.

ஏற்கத்தகும் மாணாக்கராக அந்நூல் அறுவரைக் கூறுகிறது. தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருவோன், வழிபடுவோன், சொன்னதை உடனே பற்றிக்கொள்ளும் ஆற்றலுடையோன் என்போர் அவர். முதல் மூவர் உறவாலும் குலத்தாலும் உள்ளே வருவோர். நான்காமவர் பொருளால் வருவோர். கடைசி இருவருக்கு ஊரும் உறவும் பொருளும் வேண்டியதில்லை. அன்பும் அறிவும் போதும். முற்றிலும் புதியவருக்குத் திறந்திருக்கும் வாயில் இவ்விரண்டுமே.

விலக்கத்தக்கோர் பட்டியலும் உண்டு. குடியன், சோம்பன், செருக்கன், கள்வன், சினத்தன், தூங்குவோன், வஞ்சகன் என்று அது நீள்கிறது. அப்பட்டியலில் வேற்று நாட்டான் இல்லை. வேற்று மொழியான் இல்லை. மனக்குற்றங்களும் ஒழுக்கக் குறைகளும் நோயும் அறியாமையும் எண்ணப்படுகின்றனவே அன்றிப் பிறந்த நாடு எண்ணப்படவில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கைக் குழுக்கள் மனத்திற்கொள்ளத்தக்க மௌனம் இது.

நாளந்தாவின் வாயில்

இந்தியா முழுவதையும் நோக்கினால், அயல்நாட்டு மாணாக்கரை ஏற்றதற்குப் பெயர்பெற்றது நாளந்தா. ஏழாம் நூற்றாண்டில் அங்குப் பயின்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங், வெளியிலிருந்து வாதம் புரிய வருவோரை வாயிற்காவலரே கடினமான வினாக்களால் சோதித்ததையும், பத்தில் ஏழெட்டுப் பேர் விடைகூற இயலாமல் திரும்பியதையும் எழுதியுள்ளார். நாளந்தாவின் தலைமை ஆசிரியராக இருந்த தருமபாலர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர். அவருடைய மாணாக்கர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணாக்கர் யுவான் சுவாங். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் கல்விமரபு சீனம் வரை சென்ற வழி இது. பாண்டிய நாட்டை மலகூடம் என்று குறிக்கும் அவர், அங்கு நிர்க்கிரந்தர் மிகுதியாக இருந்ததையும் பதிந்துள்ளார்.

வாயில் எக்காலத்தும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. தமிழ்ச் சமணர் இன்றும் சொல்லும் அகளங்கர் கதை அதன் மறுபக்கம். அகளங்கரும் அவர் தம்பி நிகளங்கரும் தம் சமயத்தை மறைத்துக்கொண்டு பௌத்தப் பள்ளியொன்றில் சேர்ந்து பயின்றனராம். ஐயுற்ற ஆசிரியர், தீர்த்தங்கரர் திருவுருவைத் தரையில் வைத்து எல்லாரையும் தாண்டச் சொன்னார். அகளங்கர் அதன்மேல் ஒரு நூலிழையை இட்டார். நூல் படிந்ததால் அது திகம்பரத் திருவுருவாகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு தாண்டினார். ஆயினும் பின்னர் இருவரும் வெளிப்பட்டுத் தப்பியோடினர்; ஓட்டத்தில் நிகளங்கர் உயிரிழந்தார் என்று கதை முடிகிறது.

இதனை நடந்த வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை; ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைப் பழிக்கும் கதையாகவும் கொள்ள வேண்டுவதில்லை. தன் அடையாளத்தை மறைத்தால்தான் கல்வி கிட்டும் என்ற நிலை ஒரு மாணாக்கருக்கு நேர்ந்தால், அதன் விலை எவ்வளவு கொடியது என்பதே கதையின் உட்பொருள். சேர்க்கை அளித்துவிட்டு, ‘உன் உணவையும் மொழியையும் வழிபாட்டையும் வாயிலுக்கு வெளியே விட்டு வா’ என்று சொல்லும் கல்விக்கூடம், அந்த நூலிழையை இன்னும் மாணாக்கர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வுப் பட்டம் பிறந்த காரணம்

முனைவர் பட்டம் என்று இன்று நாம் அறிவது ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாணவர் அதனைப் பெற ஜெர்மனிக்குச் சென்றனர். 1861இல் யேல் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் முதன்முதலாக அதனை வழங்கியது. இங்கிலாந்து நெடுங்காலம் அதனை ஏற்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில், ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த அயல்நாட்டு ஆய்வு மாணவரைத் தம்பால் ஈர்க்க வேண்டும் என்ற எண்ணமே 1917இல் ஆக்ஸ்போர்டும் 1919இல் கேம்பிரிட்ஜும் அப்பட்டத்தை ஏற்படுத்தத் தூண்டிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஆகவே இங்கிலாந்தில் இப்பட்டம் பிறந்தபோதே அதன் கண் கடலுக்கு அப்பால் இருந்த மாணாக்கர்மீது பதிந்திருந்தது.

அதற்குச் சற்று முன்னர்க் கேம்பிரிட்ஜின் வாயிலில் நின்றவர் கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டத் தகுதியைப் பாராது அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. ஹார்டி கடிதம் வழியாக அவருடைய ஆற்றலை அறிந்தார். சென்னைக்கு வந்த நெவில் நேரில் கண்டு உறுதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை ஒதுக்க, 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். ஆய்வு மாணவருக்கு வேண்டிய சான்றிதழ் விதியைக் கேம்பிரிட்ஜ் அவருக்காகத் தளர்த்தியது. 1916இல் ஆய்வின்வழிப் பட்டம் அளித்தது. சொன்னதை உடனே பற்றிக்கொள்வோன் என்று நன்னூல் கூறிய ஆறாம் மாணாக்கருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆனால் அவ்வரலாற்றின் பிற்பகுதியையும் மறத்தலாகாது. போர்க்காலத்தில் மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்து, நேரந்தவறி உண்டு, குளிரில் உடல்நலம் குன்றிய அவர் 1919இல் தாயகம் திரும்பி, 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். ஆசிரியர் கிடைத்தார், தகுதி ஏற்கப்பட்டது, பொருளுதவியும் கிடைத்தது. அன்றாட உணவும் உறைவிடமுமே குறைந்தன. நம் கல்வெட்டு மூன்றாவதாகக் கூறிய ஊராரின் துணை அவருக்கு அங்கு வாய்க்கவில்லை.

கடல் கடந்து வந்த ஒரு மாணாக்கர்

தமிழ்நாட்டுக்குப் புறத்திலிருந்து வந்து உயராய்வு செய்தோருள் நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்து, ரோமில் இறையியல் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றவர். தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக இருந்தபோதே தமிழை ஆழ்ந்து கற்கலானார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எம்.ஏ. பட்டமும், சங்கப் பாடல்களில் இயற்கையை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார்.

அவர் அங்குப் பயின்ற ஆண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவர் சேர்ந்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தன. 1947 ஆகஸ்டில் இந்தியாவும் 1948 பிப்ரவரியில் இலங்கையும் விடுதலை பெற்றன. அதே வகுப்பறை, அதே ஆசிரியர், அதே பாடம். மாணாக்கர் மட்டும் அயல்நாட்டவர் ஆகிவிட்டார். அயல்நாட்டார் என்ற சொல் எவ்வளவு அண்மையில் வரையப்பட்ட கோட்டைச் சார்ந்தது என்பதற்கு இதுவே சான்று.

அவ்விரு பட்டங்களால் தமிழுக்கு விளைந்த பயன் பெரிது. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழாய்வை உலகோர் முன் வைத்தார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தில், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றார். அம்மன்றத்தின் ஐந்தாம் மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் நடந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார். ஒரு பல்கலைக்கழகம் கடல் கடந்து வந்த ஒரே மாணாக்கரை ஏற்றதன் பயன், முப்பதாண்டு கழித்து மதுரை வீதிகளில் பன்னாட்டு அறிஞர் கூட்டமாக வந்து சேர்ந்தது.

நாகமலை அடிவாரம்

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். 1978இல் காமராசர் பெயர் தாங்கிய அப்பல்கலைக்கழகம், நாகமலைத் தொடரை ஒட்டி, சமணர் மலைக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. மாணாக்கர் பெயரைக் கல்லில் எழுதிய பள்ளியும் ஏட்டில் எழுதும் பல்கலைக்கழகமும் இவ்வளவு அருகருகே அமைந்த ஊர்கள் அரியன.

அயல்நாட்டார் மதுரைக்கு வராமல் இல்லை. 1961இல் தோன்றிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ்க் கல்வித் திட்டம் மதுரையில் நடைபெறுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவரும் இந்நகரில் தங்கிப் பயின்றனர். அமெரிக்க மாணவர்க்கு இங்குத் தமிழ் கற்பித்த மொழியியல் அறிஞர் கு. பரமசிவம், தாமே சிகாகோ சென்று முனைவர் பட்டம் பெற்றவர். ஆயின் இவ்வாறு வருவோருள் மிகப்பலர் இங்கு மொழி கற்று, இங்குள்ள ஊர்களிலும் மலைகளிலும் கள ஆய்வு செய்து, பட்டத்தைத் தம் நாட்டில் பெறுவோர். நம் குகைக் கல்வெட்டுகளைத் திரட்டிய ஐராவதம் மகாதேவனின் பெருநூலே 2003இல் சென்னைக் க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்டதாகும். அதில் குறையொன்றும் இல்லை, பெருமையே உண்டு. ஆனால் மாங்குளத்துக் கல்லை ஆராய்பவர் மதுரையிலேயே ஒரு நெறியாளரைப் பெற்று, மதுரையிலேயே பட்டம் பெறும் காட்சியும் வேண்டுமன்றோ?

விதிகள் இன்று அதற்குத் தடையாக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் நெறியாளராக இருக்கலாம். இவ்வெண்ணிக்கைக்கு மேலாக ஒவ்வொரு நெறியாளரும் இரு அயல்நாட்டு ஆய்வாளரை ஏற்கலாம். அதனால் உள்நாட்டு மாணவர் எவருடைய இடமும் குறையாது. அயல்நாட்டாரைத் தேர்வு செய்யும் முறையைப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. இந்தியப் பண்பாட்டுத் தொடர்புக் கழகம் உதவித்தொகையும் வழங்குகிறது. வருவோர் தம் பட்டத்துக்கு இணைத்தகுதி காட்ட வேண்டும்; உரிய விசா பெற வேண்டும்; 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

அதே விதிமுறையில் மற்றொரு கூறும் உள்ளது. ஓய்வுபெற மூன்றாண்டுக்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ள ஆசிரியர் புதிய மாணாக்கரை ஏற்கலாகாது. பொருள் தெளிவு. வட்டெழுத்தும் தமிழ்ப் பிராமியும் பிராகிருதமும் அறிந்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறுவதற்கு மூன்றாண்டு முன்னரே, அத்துறையில் மாணாக்கர் சேரும் வாயில் மூடப்படுகிறது. அவருக்குப் பின் அவ்விடத்தில் தக்கார் அமர்த்தப்படாவிடில் வாயில் மூடியே இருக்கும். தொலைநாட்டு மாணவர் ஒருவர் முதலில் தேடுவது கட்டடத்தை அன்று. தம் கடிதத்துக்கு மறுமொழி எழுதும் ஓர் ஆசிரியரை. குறண்டி அட்டோபவாசி படாரர் இல்லையேல் குணசேனர் இல்லை. குணசேனர் இல்லையேல் கனகவீரர் இல்லை. ஆசிரியர் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அடுத்த பெயரை எழுதக் கல் இருந்தும் பயனில்லை.

நால்வகைத் தானமும் நம் கடமையும்

ஆசிரியரை அமர்த்துவது அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய கடமை. இம்மலரைக் கையில் ஏந்தியுள்ள நாம் செய்யத்தக்கது யாது? நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானமே விடை கூறும். அன்ன தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்னும் நான்கும் அயல்நாட்டு ஆய்வு மாணாக்கருக்கு வேண்டிய நான்குமாக அமைந்திருப்பது தற்செயல் ஆகாது. கற்போரும் துறவோரும் ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு சமுதாயம், அவருடைய தேவைகளை நேரில் கண்டு வகுத்த அறம் அது.

இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜில் அரிதாயிருந்தது மரக்கறி உணவு. மதுரைக்கு வரும் மாணவருக்கு அரிதாவது வேறு உணவாக இருக்கலாம். அவர் உண்பதும் நாம் உண்பதும் ஒன்றாக இராமற்போகலாம். அங்கும் நம் பொறுமை வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு வரும் புதியவரிடம் முதல் வினாவாக எதைக் கேட்கிறோம் என்பதில்தான் நம் அபய தானம் தொடங்குகிறது. நோயுற்றபோது மருத்துவரிடம் உடன்செல்வதற்கு ஒரு குடும்பம், அலுவலகப் படிவத்தைத் தமிழில் விளக்குவதற்கு ஓர் இளைஞர், மலைக்கு வழிகாட்டுவதற்கு ஊரறிந்த ஒருவர், ஏட்டுச் சுவடியையும் பழைய அச்சு நூலையும் தூசி தட்டித் திறந்துவிடும் ஒரு நூலகம். இவை பெருஞ்செல்வம் வேண்டாத கொடைகள். உப்பு வணிகரும் அறுவை வணிகரும் அழகர்மலையில் செய்ததும் இத்தகையதே.

பொருள் வளம் உள்ளோர் ஐவர்மலைக் கல்வெட்டை நினைத்தல் நன்று. சாந்திவீரக் குரவர் வைத்த 505 காணத்தில் ஒரு பகுதி அடிகள் ஒருவரின் சோற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஓர் ஆய்வாளரின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஆண்டுதோறும் நின்று உதவும் ஒரு சிறு அறக்கட்டளை, விழா நாளில் நாம் எடுக்கும் பந்தலைவிட நெடுநாள் நிற்கும்.

சமணர் மலைக் கல்வெட்டின் இறுதிச் சொல்லை மீண்டும் நோக்குவோம். அத்திருமேனி பள்ளிச் சிவிகையாரின் காவலில் விடப்பட்டது. பள்ளியின் சிவிகையைத் தோளில் தாங்கியோர் அவர். அவருள் எவருடைய தனிப்பெயரும் நமக்கு எட்டவில்லை. ஆசிரியர் பெயர் நிற்கிறது, மாணாக்கர் பெயர் நிற்கிறது, ஊர்ப்பெயர் நிற்கிறது. அவை மூன்றும் நிற்பதற்குக் காரணமானவர்கள் பெயரின்றி நிற்கிறார்கள். தொலைவிலிருந்து வரும் மாணாக்கருக்கு மதுரை மக்கள் செய்யத்தக்க தொண்டு அத்தகையது. ஆய்வேட்டின் முகப்பில் நம் பெயர் இராது. குயிற்குடி ஊரார் பெயரால் என்று எழுதியதுபோல, மதுரை ஊரார் துணையால் என்று நன்றியுரையில் ஒரு வரி இருந்தால், அது போதும்.